ஸ்டெப்ப அப்பால பாத்துக்கலாம், மொதல்ல புளியங்கொட்டை எடுங்க

டிசம்பர் தாண்டினா போதும், வேலூர்ல ஆண்டு விழா சீசன் ஆரம்பிச்சிடும். காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம், ஆற்காடுன்னு எந்தப் பக்கம் பஸ்ல போனாலும் ஏதாவது ஒரு ஸ்கூல் கிரவுண்டுல ஸ்பீக்கர் அலறிக்கினு இருக்கும், அதுக்கு எதுத்தாப்ல ஒரு டீச்சரோ இல்ல காலேஜ் படிக்கிற பொண்ணோ "ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்"னு தொண்ட கட்ற அளவுக்கு கத்திக்கினு நிப்பாங்க. "நீதான் நல்லா ஆடுவியே, பசங்களுக்கு ஒரு டான்ஸ் போட்டுக் குடு"ன்னு யாரோ தலைல கட்டிட்டுப் போயிருப்பாங்க. ஆடத் தெரிஞ்சா கம்போஸ் பண்ணவும் தெரியும்னு எல்லாரும் நெனச்சிக்கிறாங்க, ரெண்டும் வேற வேற வேல, நல்லா சாப்புடறவங்க எல்லாம் கல்யாணத்துக்கு சமைச்சிட முடியுமா இன்னா. அப்படி மாட்டிக்கினவங்களுக்குதான் இத எழுதறேன்.

நான் வேலூர் கொசப்பேட்ட. 6 வருஷம் பரதம் கத்துக்கினேன், அரங்கேற்றத்துக்கு காசு பொரளல, அதோட நின்னுடுச்சி. ஆனா 11 வருஷமா ஸ்கூல் ஸ்கூலா போயி டான்ஸ் போட்டுக் குடுக்கறேன், சின்னப் பசங்களுக்கு மிஸ்ஸு, காலேஜ் பசங்களுக்கு அக்கா. மொத வருஷம் நான் பண்ணது இன்னான்னா, ஒரு வாரம் ஃபோன்ல வீடியோவா பாத்து ஒரு நாப்பது ஸ்டெப்பு சேத்து வெச்சிக்கினேன், பசங்கள மூணு வரிசைல நிக்க வெச்சேன், நாப்பதையும் அடுக்கிட்டேன். பசங்களும் பாவம் எல்லாத்தயும் மனப்பாடம் பண்ணிட்டாங்க. ஃபங்ஷன் அன்னிக்கு முடிச்சிட்டு வெளிய வரேன், அங்க வாட்ச்மேன் தாத்தா நிக்கறாரு, "ஏம்மா, நல்லாத்தான் கீது, ஆனா எம்பேத்தி எங்க நின்னான்னே தெரிலியே"ன்னாரு. வீட்டுக்குப் போயி வீடியோவப் போட்டுப் பாத்தா காலைல ப்ரேயர்ல நின்னுக்கினு கையக் கால ஆட்டற மாதிரியேதான் இருந்துச்சி. யாரு, எங்க, எப்போன்ற மூணு கேள்விக்கும் நான் பதிலே வெச்சிருக்கல. கம்போஸ்ன்றது அந்த மூணுதான், ஸ்டெப்பு அதுக்கு அப்பால வர்ற விஷயம்.

அதனால மொத வேல, தல எண்ணுங்க. எத்தன பசங்கன்னு தெரியாம பாட்டே கேக்காதீங்க. எண்ணின உடனே வீட்ல புளி டப்பால கெடக்கற கொட்டைய அந்த எண்ணிக்கைக்கு எடுத்துக்குங்க, தரைல சாக்பீஸ்ல மேடைய ஒரு கட்டமா வரைஞ்சிக்குங்க, கொட்டைய வெச்சி நகத்திப் பாருங்க. யாராவது லீடா ஆடறாங்கன்னா அதுக்கு மட்டும் ஒரு சோழி. சிரிக்காதீங்க, பேப்பர்ல எழுதிக்கினே இருந்தா அடிச்சி அடிச்சி கடசில நமக்கே புரியாது, கொட்டைன்னா சும்மா தள்ளினா போதும். கொரியோகிராபின்ற வார்த்தையே கிரேக்கத்துல இருந்து வந்தது, ஆட்டத்த எழுதறதுன்னு அர்த்தம், 1700-ல பிரான்ஸ்ல ஃபொய்யேன்னு ஒருத்தரு அந்தப் பேர்லயே புத்தகம் போட்டாரு, அதுல மேடைய மேல இருந்து பாக்கற மாதிரி கோடு போட்டு ஆடறவங்க நடக்கற பாதைய வரைஞ்சி வெச்சிருப்பாரு. அவரு மையில பண்ணத நாம புளியங்கொட்டைல பண்றோம், அவ்ளோதான்.

இங்க நமக்கு ஒரு வசதி கீது. கோலம் போடத் தெரிஞ்ச யாருக்கும் ஃபார்மேஷன், அதான் யார எங்க நிக்க வெக்கறதுன்றது, புதுசு இல்ல. நேர்புள்ளில பசங்கள நிக்க வெச்சா பின்னாடி நிக்கறவன் மூஞ்சி எவனுக்கும் தெரியாது, வாட்ச்மேன் தாத்தா கேட்டது அதுதான். ஊடுபுள்ளில வைங்க, ரெண்டு பேருக்கு நடுவுல பின்னாடி ஒருத்தன் எட்டிப் பாப்பான், எல்லா அம்மாவுக்கும் அவங்கவங்க புள்ள தெரியும். குடியாத்தம் பக்கம் ஒரு ஸ்கூல்ல எனக்கு 23 பசங்க குடுத்தாங்க, யாரையும் விடக் கூடாதுன்னு ஹெச்.எம். சார் கண்டிஷன். 23-அ எதாலயும் வகுக்க முடியாது, ஜோடியும் சேக்க முடியாது, ரெண்டு நாள் தலயப் பிச்சிக்கினேன். அப்பால கொட்டைய ஊடுபுள்ளில வெச்சிப் பாத்தா 5, 4, 5, 4, 5, கூட்டினா சரியா 23. முப்பதடி அகலம் இருவதடி ஆழம் மேடைல இது நிம்மதியா உக்காந்துக்குது, பக்கத்துல இருக்கறவன் மூக்குல கை படாது.

எண்ணிக்கை கோக்குமாக்கா வந்தா பயந்துக்காதீங்க. ஜார்ஜ் பாலன்ஷின்னு ஒருத்தரு, ரஷ்யால பொறந்து அமெரிக்கா போயி அங்க பாலேன்ற மேல்நாட்டு மேடை ஆட்டத்த நிக்க வெச்ச ஆளு, 1934-ல நியூயார்க்ல ஸ்கூல் தொறந்த புதுசுல ஸ்டூடண்ட்ஸ வெச்சி செரினேடுன்னு ஒண்ணு கம்போஸ் பண்ண ஆரம்பிச்சாரு. மொத நாள் வந்தது 17 பேரு. 17-உம் எதாலயும் வகுபடாத நம்பர்தான். அவரு "இன்னும் மூணு பேர இட்டுனு வாங்க"ன்னு சொல்லல, அந்த 17-அயே குறுக்கு சாய்வுல நிக்க வெச்சி ஆரம்பிச்சிட்டாரு, இன்னிக்கி வரைக்கும் உலகத்துல எங்க ஆடினாலும் தெர தொறக்கும்போது 17 பேருதான் நிப்பாங்க. மறுநாள் கம்மியா வந்தாங்க, அந்தப் பகுதி அத்தன பேருக்குதான். ஒரு பொண்ணு லேட்டா வந்தா, அது டான்ஸ்ல சேந்துச்சி, ஒருத்தி ஓடி வந்து விழுந்தா, அதுவும் சேந்துச்சி. யாரு வரலன்னு பொலம்பற டீச்சருங்களுக்கு இதத்தான் சொல்லுவேன், வந்திருக்கறவங்கள வெச்சிதான் டான்ஸு.

அடுத்து ஒரு நாள் சாயந்திரம் அந்த மேடைக்கு முன்னாடி போயி ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காருங்க. மேடை நாலடி ஒசரம், நீங்க கீழ. இப்ப ரீல்ஸ்ல பாத்த அந்த வட்டம், பூ மாதிரி விரியறது, அதெல்லாம் மேடைல நடக்கறதா நெனச்சிப் பாருங்க, இன்னா தெரியும்? ஒரு கோடு தெரியும். அந்தப் பூ டிசைன் எல்லாம் 1930-கள்ல ஹாலிவுட்ல பஸ்பி பெர்க்லி பிரபலம் பண்ணது, மொத உலகப் போர்ல பட்டாளத்துல பரேடு ட்ரில்லு நடத்தின மனுஷன், அவரு கேமராவ கூரைல ஏத்தி நேரா கீழ பாக்க வெச்சி எடுத்தாரு, அதனால அழகு. நம்ம ஆண்டு விழால கூரைல பல்லிதான் உக்காந்து பாக்கும். கீழ இருந்து பாக்கறவங்களுக்கு வேல செய்யறது மூணுதான்: மூலைக்கு மூல சாய்வா வர்ற கோடு, ஒசரம் தாழ்வு, அப்பறம் காலி எடம். சாய்வு கோடு இருக்கறதுலயே நீளம், அதுல வர்றவன் ரொம்ப நேரம் வந்துக்கினே இருப்பான், ஒவ்வொருத்தன் மூஞ்சியும் தனித்தனியா தெரியும். ஒசரம் தாழ்வு புரியணும்னா கோட்டைக்குப் போங்க, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணுங்கள ஒரு அரமணி நேரம் பாருங்க, குதிர முன்னங்கால தூக்கிக்கினு நிக்கும், மேல ஆளு, அடில சின்னச் சின்ன உருவம் முட்டி மடக்கிக்கினு, ஒரே கல்லுல மூணு மட்டம். பசங்கள உக்கார வெக்கறது, முட்டி போட வெக்கறது, நிக்க வெக்கறது, அந்த மூணு மட்டத்த மாத்தினாலே பாதி டான்ஸ் வந்திடும். காலி எடம்ன்றது, மேடைய எப்பவும் ரொப்பிக்கினே இருக்காதீங்க. எல்லாரையும் ஒரு பக்கமா ஒதுக்கிட்டு இன்னொரு பக்கம் ஒரே ஒரு புள்ளைய விட்டீங்கன்னா மொத்த கூட்டமும் அந்தப் புள்ளையத்தான் பாக்கும்.

பாட்டு. நாலு நிமிஷத்துக்கு மேல வேணாம், பெத்தவங்களே தாங்க மாட்டாங்க. பாட்ட போட்டு 15 செகண்டுல எத்தன தட்டு விழுதுன்னு எண்ணுங்க, அத நாலால பெருக்கினா நிமிஷத்துக்கு எத்தனன்னு வந்திடும். 120 வந்தா ஒரு எட்டுக்கு, அதாவது எட்டு தட்டுக்கு, 4 செகண்டு, நாலு நிமிஷப் பாட்டுல 60 எட்டு. அந்த 60-அயும் நோட்டுல வரிசையா நம்பர் போட்டு எழுதுங்க, பல்லவி எங்க, சரணம் எங்க, மியூசிக் மட்டும் எங்கன்னு எதுத்தாப்ல குறிச்சிக்குங்க. இந்த நோட்டு இல்லாம ரிகர்சலுக்குப் போனீங்கன்னா "அந்த டிங் டிங் வருமே அங்க"ன்னு சொல்லிக்கினே பொழுது போயிடும். ஆனா ஒரு விஷயம், நம்ம பம்பை, தப்பு அடிக்கற குத்துல நெறய பாட்டு தகிட தகிடன்னு மூணு மூணாதான் ஓடும், தக தக இல்ல. பையனுங்க கால ரெண்டு ரெண்டா போட்டா தாளத்துலயே இருக்கற மாதிரியும் இருக்கும் இல்லாத மாதிரியும் இருக்கும், பாக்கறவங்களுக்கு ஏதோ ஒதைக்கும், இன்னான்னு சொல்லத் தெரியாது. அந்த மாதிரி பாட்டுக்கு நம்பர் சொல்லிக் குடுக்காதீங்க, தகிடன்னு வாயால சொல்லி கையத் தட்ட வைங்க, அஞ்சே நிமிஷத்துல கால் தானா சேந்துக்கும்.

எண்ணிக்கைய பசங்க மண்டைல ஏத்தறது ஏன்னா, அன்னிக்கு ஸ்பீக்கர நம்ப முடியாது. 1913 மே 29, பாரிஸ்ல நிஜின்ஸ்கி கம்போஸ் பண்ண வசந்தத்தின் சடங்குன்ற பாலே மொத மொதல்ல மேடையேறுது, இசை ஸ்ட்ராவின்ஸ்கி, ஜனங்களுக்குப் புடிக்கல, கூச்சல், கேலி, சண்டை, ஆடறவங்களுக்கு ஆர்க்கெஸ்ட்ராவே கேக்கல. நிஜின்ஸ்கி சைடுல ஒரு சேர் மேல ஏறி நின்னுக்கினு எண்ணிக்கைய கத்திக்கினே இருந்தாரு. உலகத்துலயே பெரிய ஆட்டக்காரருக்கே அந்த நெலமன்னா நம்மள்லாம் எம்மாத்திரம். என் பசங்கள ரிகர்சல்ல திடீர்னு பாட்ட நிறுத்திடுவேன், அவங்க நிக்கக் கூடாது, வாய்க்குள்ள எண்ணிக்கினே ஆடணும், ரெண்டு எட்டு கழிச்சி திரும்ப போடுவேன், சேந்து இருக்காங்களான்னு பாப்பேன். முக்கியமான எடத்துல முடிக்கும்போது பரதத்துல தீர்மானம்னு ஒரு முடிப்பு வெக்கற மாதிரி ஒரே கோர்வைய மூணு தடவ வைங்க. மூணாவது தடவைல கூட்டம் தானா கை தட்டும், ஏன்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியாது, ஆனா தட்டுவாங்க.

உள்ள வர்றதப் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதுல எல்லாருமே கோட்ட விடறாங்க. பசங்க இருட்டுல வந்து நின்னு, லைட்டு வந்து, பாட்டு ஆரம்பிக்கும். போச்சா, பாக்கறவன் எல்லாத்தயும் ஒரே செகண்டுல பாத்துட்டான், இனிமே அவனுக்கு ஒண்ணும் புதுசு இல்ல. எங்க தாத்தா ஊரு செய்யாறு பக்கம், புரிசை கூத்து நடக்கற ஏரியா, சின்னதுல விடிய விடிய கூத்துப் பாத்து வளந்த ஆளு நானு. கூத்துல ராஜா வேஷம் சும்மா நடந்து வந்துடுமா? ரெண்டு பேரு தெரைய புடிச்சிக்கினு நிப்பாங்க, அதுக்குப் பின்னாடி இருந்து பாட்டு வரும், மேல கிரீடம் கொஞ்சூண்டு ஆடும், கீழ சலங்கை மட்டும் தெரியும், கட்டியக்காரன் ஒரு பக்கம் யாருப்பா அதுன்னு கலாய்ச்சிக்கினு இருப்பான், தூக்கம் கண்ணக் கட்டற கொழந்த கூட எழுந்து உக்காந்துக்கும். தெர எறங்கி துரியோதனன் கிறுகிறுன்னு சுத்திக்கினு வெளிய வரும்போது ஊரே நிமிந்து உக்காரும். ஒரு ஆள வரவெக்கறதுக்கு அவ்ளோ நேரம் எடுத்துக்கறாங்க பாருங்க, அதுதான் வித்த. உங்க டான்ஸ்ல ஒரு எட்டு எட்டையாவது வர்றதுக்குன்னே ஒதுக்குங்க. ஒரு பழைய வேட்டிய ரெண்டு பையன் புடிச்சிக்கினாலும் போதும், செலவே இல்ல.

குடியாத்தம் பசங்களுக்கு நான் எடுத்தது பாலாறு. வேலூர்னாலே தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலைன்னு ஒரு கிண்டல் இருக்கே, அத கேட்டுக் கேட்டுப் புளிச்சிப்போச்சி, 2021 நவம்பர்ல அந்த ஆத்துல வெள்ளம் பொரண்டு ஓடினத பசங்களே கண்ணால பாத்திருந்தாங்க, அதனால அடுத்த வருஷத்துக்கு ஆறு வர்றததான் பண்ணணும்னு முடிவு. ஆத்த எப்படி மேடைக்குக் கொண்டு வர்றது? இங்கதான் பெட்டிபாகிட்ட கடன் வாங்கினேன். மரியஸ் பெட்டிபா, பிரெஞ்சுக்காரரு, ரஷ்யால பீட்டர்ஸ்பர்க்ல உக்காந்துகினு 1877-ல லா பயதேர்னு நம்ம ஊரு கோயில் ஆட்டக்காரியப் பத்தி பாலே போட்டவரு. அதுல கதைய விடுங்க, இந்தியான்ற பேர்ல என்னென்னமோ இருக்கும், ஆனா நிழல்களோட உலகம்னு ஒரு கட்டம் வரும், வெள்ளை உடுப்புல பொண்ணுங்க ஒரு சரிவுல ஒவ்வொருத்தரா எறங்கி வருவாங்க. எல்லாருக்கும் ஒரே ஸ்டெப்புதான், ஒத்தக் கால்ல நின்னு இன்னொரு கால பின்னாடி நீட்டறது, அப்பால பின்னாடி சாய்ஞ்சி கையத் தூக்கறது, முன்னாடி ரெண்டு அடி. அதையே திருப்பித் திருப்பி. முப்பது பேரு வந்து முடிக்கறதுக்குள்ள பாக்கறவனுக்கு மயக்கமே வந்திடும் போல இருக்கும். புது ஸ்டெப்பு ஒண்ணு கூட இல்ல! நான் 23 பசங்களையும் பின் மூலைல இருந்து முன் மூலைக்கு சாய்வா விட்டேன், ரெண்டு தட்டுக்கு ஒருத்தனா, எல்லாருக்கும் ஒரே அல, கைல அம்மாவோட நீலத் துப்பட்டா. மொத ஆளு முன் மூலைக்கு வர்றதுக்குள்ள மேடைல ஆறு ஓட ஆரம்பிச்சிடுச்சி. அந்த ஸ்டெப்ப சொல்லிக் குடுக்க எனக்கு ஆனது பத்து நிமிஷம்.

இந்த ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா செய்யறது ஒரு வழி, எல்லாரும் அச்சு மாறாம ஒண்ணா செய்யறது இன்னொரு வழி. ஒண்ணா செய்யறதுக்கு கால விட தலதான் முக்கியம். 1895-ல லெவ் இவானோவ் போட்ட அன்னப் பறவை ஏரில நாலு குட்டி அன்னம் ஆடும், கையக் குறுக்கால கோத்துக்கினு, நாலு தலையும் டக்கு டக்குன்னு ஒரே நேரத்துல திரும்பும், அதப் பாத்தா புரியும். நம்ம பசங்க கால் கொஞ்சம் முன்ன பின்ன போனா யாருக்கும் தெரியாது, ஒருத்தன் தல மட்டும் அம்மா எங்க உக்காந்திருக்கான்னு தேடினா மொத்தமும் காலி. அதனால ஒவ்வொரு எட்டுக்கும் கண்ணு எங்க பாக்கணும்னு நோட்டுல எழுதுங்க. மேடைக்கு எதுத்தாப்ல ஒரு மரம், ஒரு டியூப் லைட்டு, இப்படி ஏதாவது காட்டி "அத பாரு"ன்னு சொல்லுங்க.

இப்பதான் ஸ்டெப்புக்கு வரோம். நாலு நிமிஷத்துக்கு பன்னெண்டு ஸ்டெப்பு இருந்தா தாராளம், அத திசை மாத்தி, மட்டம் மாத்தி, வேகம் மாத்தி ஓட்டிக்கலாம். சினிமால இருந்து அப்படியே எடுக்கறது எனக்கு இஷ்டமில்ல, தப்புன்னு சொல்ல வரல, அது ஒத்து வராது. சினிமாவுக்கு மாஸ்டர் போடறது கேமராவுக்காக, மூணு செகண்டு மூஞ்சி, ரெண்டு செகண்டு காலு, அப்பால ஹீரோயின் வேற ஊர்ல நிக்கறா. நடுவுல இருக்கறது ஸ்க்ரீன்ல இல்லவே இல்ல, நீங்க காப்பி அடிச்சா அந்த ஓட்டைல பசங்க முழிச்சிக்கினு நிப்பாங்க. பழைய ஹாலிவுட் ஆட்டக்காரர் ஃப்ரெட் அஸ்டேர் மாதிரி ஆளுங்க தலையில இருந்து கால் வரைக்கும் முழு ஒடம்பும் ஒரே ஷாட்ல தெரியணும்னு அடம் புடிச்சாங்க, அந்த மாதிரி எடுத்தத வேணா பாத்துக் கத்துக்கலாம். மின்சார கனவு படத்துக்கு பிரபுதேவாவுக்கு தேசிய விருது கெடச்சிதே, அந்த வேலைய காப்பி அடிக்காதீங்க, ஒரு தடவ சவுண்ட ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க, எங்க நிக்கறாரு, எங்க சும்மா இருக்காருன்னு மட்டும் கவனிங்க.

ஸ்டெப்ப எங்க இருந்து எடுக்கறது? பசங்ககிட்டயே கேளுங்க. ஜெர்மனில பீனா பௌஷ்னு ஒரு அம்மா, 2009-ல தவறிட்டாங்க, அவங்க ஸ்டெப்பு சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி ஆடறவங்ககிட்ட கேள்வியா கேப்பாங்க, அவங்க செஞ்சி காட்டற பதில்ல இருந்துதான் டான்ஸே பொறக்கும். நான் பசங்ககிட்ட "ஆத்துல தண்ணி இல்லாதப்போ இன்னா பண்ணுவீங்க"ன்னு கேட்டேன். ஒருத்தன் மண்டி போட்டு மணல்ல ஊத்து தோண்டிக் காட்டினான், ஒருத்தி குடத்த இடுப்புல வெச்சிக்கினு பாதம் சுடுதுன்னு தத்தித் தத்தி நடந்தா, இன்னொருத்தன் கொல்லைல மல்லாட்ட, அதான் வேர்க்கடல, புடுங்கி ஒதறினான், ஒதறும்போது ஒடம்பு பின்னாடி போயி முன்னாடி வருமே, எட்டு தட்டுக்கு அளவெடுத்து தெச்ச மாதிரி இருந்துச்சி. வேல செய்யற ஒடம்புக்கு தானாவே தாளம் இருக்கு. பெரிய ஆட்டக் கலைஞர் உதய் சங்கர் கூட உழைக்கறவங்களையும் மெஷினையும் வெச்சி ஆட்டம் போட்டவருதான், அவரோட கல்பனா படம், 1948-ல வந்தது, மெட்ராஸ் ஜெமினி ஸ்டுடியோலதான் எடுத்தாங்க. குடியாத்தத்துல கைத்தறி ஓடுது, பீடி சுத்தறாங்க, ஆம்பூர்ல ஷூ கம்பெனி, எல்லா வேலயும் எட்டு தட்டுக்குள்ள அடங்கும், செஞ்சி பாருங்க.

ஃபங்ஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது நல்லா ஆடற பொண்ணு ஒருத்தி சைக்கிள்ல இருந்து விழுந்து கால்ல மாவுக்கட்டு. அவங்க அம்மா வந்து, "மிஸ், அவள எடுத்துடுங்க, வேற யாரையாவது போட்டுக்குங்க"ன்றாங்க, பின்னாடி அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி. அமெரிக்கால மார்த்தா கிரஹாம்னு ஒரு அம்மா 1930-லயே லாமண்டேஷன்னு ஒரு தனி ஆட்டம் ஆடியிருக்காங்க, ஒரு பெஞ்சுல உக்காந்த எடத்துலயே, துணிக்குள்ள ஒடம்ப போட்டு இழுத்து மடக்கி, வயித்த உள்ள ஒடுக்கறது விடறது, அதுதான் அவங்க கண்டுபுடிச்ச பாணி, சோகம் எல்லாம் அந்தத் துணி இழுபடறதுலயே தெரியும். அத நெனச்சிக்கினு, "அக்கா, அவ ஆடுவா, நிக்க மாட்டா அவ்ளோதான்"னேன். முன் மூலைல ஒரு ஸ்டூல், அவ காலி குடத்தோட கரைல உக்காந்திருக்கா, கால் மேல அவங்க பாட்டி பொடவ. நாலு நிமிஷமும் அவ பண்ணது குடத்த கவுத்து பாக்கறது, ஆறு வருதான்னு திரும்பறது, கடசில குடத்த மல்லாத்தி வெக்கறது. கொட்டைல அந்த ஒண்ண எடுத்து மூலைல வெச்சப்புறம்தான் மொத்த டான்ஸும் யார் கண்ணு வழியா பாக்கணும்னு எனக்கே புரிஞ்சிது. அவ எடம் காலியான 22-க்கு 6, 5, 6, 5ன்னு மாத்தினேன்.

எங்கயாவது மண்ட காஞ்சி நின்னுட்டீங்கன்னா தாயக்கட்டைய எடுங்க. நெஜமாதான். மெர்ஸ் கன்னிங்ஹாம்னு அமெரிக்கால ஒருத்தரு, 1951-ல இருந்து காசு சுண்டிப் போட்டு எந்த அசைவு எதுக்கு அப்பறம்னு முடிவு பண்ணுவாரு, அவரோட கூட்டாளி ஜான் கேஜ் இசைய தனியா பண்ணுவாரு, ரெண்டும் சில சமயம் மேடைலதான் ஒண்ணா சந்திக்கும். நான் அவ்ளோ தூரம் போக மாட்டேன், நம்ம ஜனங்களுக்கு பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சம்மந்தம் வேணும். ஆனா எந்த வரிசை மொதல்ல நகரணும், எந்தப் பக்கம் திரும்பணும்ன்ற மாதிரி விஷயத்துக்கு தாயம் போட்டுப் பாப்பேன். விழுந்தது புடிக்கலன்னா, இன்னா புடிக்கும்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும், அதுக்குதான் அது.

சொல்லிக் குடுக்கும்போது பசங்களப் பாத்து நின்னா வலது இடது மாறும், அதனால முதுகக் காட்டி ஆடுங்க, அப்பப்ப திரும்பிப் பாத்துக்கலாம், இல்ல எதுத்து நின்னு கண்ணாடி மாதிரி மாத்தி ஆடக் கத்துக்குங்க, எனக்கு அதுக்கு ரெண்டு வருஷம் புடிச்சிது. மேடைக்கு முன்னாடி ஒரு புள்ளிய நடுவுல சாக்பீஸ்ல குறிச்சி வைங்க. கடசி எட்டு எட்டையும் மொத எட்டையும் முன்னாடியே கத்துக் குடுத்துடுங்க, நடுவுல தப்பினா பரவால்ல, ஆரம்பமும் முடிவும் கையில இருந்தா போதும். நம்ம ஊரு வெயில்ல மூணு மணிக்கு சிமெண்ட் தரைல வெறுங்கால்ல ஆட விடாதீங்க, கொப்புளம் வந்துடும், காலைல ப்ரேயருக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் கேளுங்க, ஹெச்.எம். சார் மொறைப்பாரு, குடுத்துடுவாரு. ரிகர்சல் ஆரம்பிச்சி ரெண்டு வாரத்துக்கு அப்பால புதுசா எதையும் சேக்காதீங்க, குறைக்கலாம்.

வாடகை டிரெஸ் அன்னிக்கு சாயந்திரம்தான் வரும், அதுல பாதிக்கு ஊக்கு வேணும், ஒரு டப்பா ஊக்கும் கருப்பு நூலும் நீங்களே எடுத்துனு போங்க. மேடைல விரிச்ச ஜமக்காளத்த சுருக்கம் இல்லாம இழுத்து ஆணி எதுவும் துருத்தலயான்னு கையால தடவிப் பாருங்க. பாட்ட ரெண்டு பென் டிரைவ்ல, ஃபோன்ல, இன்னொருத்தர் ஃபோன்லயும் வைங்க.

அப்பறம் பேரு. ஒரு ஸ்கூல்ல, எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், ஒண்ணரை மாசம் நான் போட்டுக் குடுத்த டான்ஸுக்கு அழைப்பிதழ்ல வேற ஒருத்தர் பேரு அச்சாகி வந்துச்சி, கேட்டா "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா"ன்னாங்க, அடுத்த வருஷம் அதே டான்ஸ அப்படியே ஆட வெச்சிட்டாங்க. அப்பறம்தான் தெரிஞ்சிக்கினேன், நம்ம நாட்டு 1957 காப்பிரைட் சட்டத்துல நாடகப் படைப்புன்ற வகைல நடன அமைப்பும் வருது, ஆனா அது எழுத்துலயோ வேற எப்படியாவதோ பதிஞ்சி இருக்கணும். அதனால உங்க நோட்டுல தேதி போடுங்க, கடசி ரிகர்சல மேடைக்கு நேரா ஃபோன வெச்சி முழுசா எடுத்து வைங்க, ஆரம்பத்துல உங்க பேரையும் தேதியையும் வாயால சொல்லிடுங்க. சண்டைக்குப் போகணும்னு இல்ல, அடுத்த ஸ்கூல்ல "இதுக்கு முன்னாடி இன்னா பண்ணிருக்கீங்க"ன்னு கேட்டா காட்றதுக்காவது ஆவும்.

ஃபங்ஷன் நடக்கும்போது சைடுல நிக்காதீங்க, எல்லா பசங்களும் உங்களயே திரும்பிப் பாப்பாங்க. கூட்டத்துக்குப் பின்னாடி, அந்த மரத்தயோ டியூப் லைட்டயோ பாக்க சொன்னீங்களே, அதுக்கு நேரா கீழ போயி நில்லுங்க. அன்னிக்கு பாலாறு ஆடும்போது ரெண்டாவது சரணத்துல கரெண்ட் போயிடுச்சி, ஜெனரேட்டர் போட அஞ்சாறு எட்டு ஆச்சி. இருட்டுல ஒண்ணும் தெரில, பாட்டும் இல்ல, தகிட தகிடன்னு கால் சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருந்துச்சி, லைட்டு வந்தப்போ ஆறு முன் மூலைக்கு வந்திருந்துச்சி, அந்தப் பொண்ணு குடத்த மல்லாத்திட்டிருந்தா.